கை நல்லா இருக்குன்னு சொல்லுங்க

இல்ல டாக்டரம்மா, தூங்கல. சும்மா கண்ண மூடினேன். பேசிக்கிட்டே இருங்கன்னு சொன்னீங்க, பேசிக்கிட்டேதான இருக்கேன். நடுவுல மூச்சு விட ஒரு நொடி குடுக்க மாட்டீங்களா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பொண்டாட்டி, வாய மூடுங்க வாய மூடுங்கன்னு சொல்லியே அலுத்துப் போனா. இங்க என்னடான்னா மண்டைய தொறந்து வச்சுக்கிட்டு வாய மூடாதீங்கங்கறீங்க. அவ இருந்து பாத்திருந்தா சிரிச்சிருப்பா. இருக்கா இருக்கா, உயிரோடதான் இருக்கா. இத பாத்து சிரிக்கற நிலைமைல இல்லன்னு சொல்ல வந்தேன்.

கை ஓடிக்கிட்டுதான் இருக்கு, பாருங்க. வலது, இடது, வலது, இடது. இந்த ரப்பர் தட்டுல அடிக்கறதெல்லாம் ஒரு அடியா, கொசு அடிக்கற மாதிரி இருக்கு. ஆனா பெரிய டாக்டருக்கு இந்தச் சத்தம்தான் வேணுமாம். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நிக்கறவருக்கு என் மூஞ்சியும் தெரியாது, கையும் தெரியாது. என் மூளை தெரியும், இந்த டொக்கு டொக்கு கேக்கும். தாளம் ஒழுங்கா வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போவாராம். கை தடுமாறிச்சுன்னாலோ, மரத்துப் போச்சுன்னு நான் வாயத் தொறந்து சொன்னாலோ அதோட நிறுத்திடுவாராம். மிச்சம் இருக்கற கட்டி உள்ளயே கிடக்க வேண்டியதுதான். அது மறுபடி வளரும். வளர்ந்தா என்ன ஆகும்னு நேத்து படம் போட்டுக் காட்டினாரு. மொத்தமா எடுத்துட்டா ஆள் நல்லா காலம் தள்ளலாம், கொஞ்சம் மிச்சம் வச்சா ரொம்ப நாள் தாங்காது. அவர் வாயால அப்படிச் சொல்லல, பேனா மூடிய கழட்டிக் கழட்டி மாட்டினாரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

என்ன கேக்கறாரு? கையா? நல்லா இருக்குன்னு சொல்லுங்க.

எங்க விட்டேன்? ஆங், சொத்து. நீங்கதான ஆரம்பிச்சீங்க, போன்ல என் பேரப் போட்டா கீழ ஒரு தொகை வருதுன்னு. நானும் பாத்தேன். பாத்துட்டு, அடேங்கப்பா, இவ்வளவு வச்சிருக்கமான்னு எனக்கே கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்துச்சு. எவன் எண்ணிப் பாத்தானோ தெரியல. பாட்டு எழுதினவனுக்கும் மெட்டு போட்டவனுக்கும் காலத்துக்கும் காசு வரும்மா. அவன் செத்தா அவன் பேரன் வாங்கிக்குவான். டிரம்ஸ் அடிச்சவனுக்கு அடிச்ச அன்னைக்குக் கூலி, அவ்வளவுதான். உங்க கல்யாணத்துல கூட எங்க பாட்டுதான் போட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, அதுல இருந்து எனக்கு ஒரு பைசா வராது. நான் மேடைல ஏறி உக்காந்தா உண்டு, இல்லன்னா இல்ல. அந்தப் பெரிய வீடு, வாசல்ல நிக்கற வண்டிங்க, என் பையன் நடத்தற ஆபீஸ், அங்க வேலை பாக்கறவங்க, லைட் போடறவன், லாரி ஓட்டறவன், எல்லாரும் இதோ இந்த ரெண்டு மணிக்கட்டுல தொங்கிக்கிட்டு இருக்காங்க. போன்ல அதெல்லாம் போட மாட்டான்.

யாருகிட்டயும் கத்துக்கல. பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறைல கத்துக்கிட்டேன். நிஜமாத்தான். தகட்ட சட்டத்துல வச்சு ஆணி அடிப்பாங்க. வெளியில ஒருத்தன் சுத்தியலால அடிப்பான், உள்ள ஒருத்தன் இரும்புக் கட்டைய ஆணிக்கு முட்டுக் குடுத்துப் பிடிச்சுக்கணும். நான் உள்ள இருக்கறவன். நடுவுல தகடு, அடிக்கறவன் மூஞ்சி தெரியாது. கைக்குள்ள வர்ற அதிர்வ வச்சே அடுத்த அடி எப்ப விழும்னு தெரிஞ்சுக்கணும். கொஞ்சம் அசந்தா விரல் நசுங்கிடும். காது போகும், ஆனா கைக்கு அறிவு வந்துடும். இன்னைக்கும் குச்சி தோல்ல பட்டு எகிறி வருது பாருங்க, அத விரல்தான் வாங்கி மறுபடி அனுப்பும். நான் அடிக்கறேன்னு ஊர்ல சொல்றாங்க. அடிக்கறதுல பாதி, திரும்பி வர்றத பிடிக்கறதுதான்.

காதா? வலது காதுல ஒரு விசில் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க பேசறதுல பாதிய நான் உதட்டப் பாத்துதான் புரிஞ்சுக்குவேன், நீங்க என்னடான்னா முகமூடிய மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பரவால்ல, உங்க கண்ணு நல்லாவே பேசுது. இப்ப ஏதோ கேள்வி கேக்குது. சுர்ருன்னு இழுக்குதான்னா? ம்ஹூம், இல்ல. விரல் ஒண்ணு தானா துடிச்சுது, அவ்வளவுதான். அவர் அங்க எதையோ தொட்டுப் பாக்கறாரு போல. நல்லா இருக்கு, நல்லா இருக்கு.

அந்தப் பட்டறைலதான் அவளப் பாத்தேன். ஆபீஸ் ரூம்ல சம்பளம் போடற பொண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் பக்கம் வரிசைல நிப்போம். ரெண்டு காதுலயும் பஞ்ச வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, நாங்க என்ன கத்தினாலும் நிமிந்து பாக்க மாட்டா. நான் ஜன்னல் கட்டைய விரலால தட்டிக்கிட்டே நிப்பேன். ஒரு நாள் பஞ்ச எடுத்துட்டு, இப்ப தட்டு கேக்கலாம்னா. தட்டினேன். நல்லாவே இல்லன்னா. அப்புறம் கட்டிக்கிட்டோம்.

அவ எப்பவும் அதையேதான் சொன்னா. நாங்க பெரிய ஆளானதுக்கு அப்புறமும் ஒரு கச்சேரிக்குக் கூட வரல. உங்க சத்தத்துக்குத்தான் வீட்ல சோறு வேகுது, அதுக்காக நான் அதக் கேக்கணும்னு சட்டமான்னு கேப்பா. எங்க பாட்டுக்காரன் இருக்கான்ல, நாங்க அவன சேவல்னு கூப்பிடுவோம், தலைமுடி அப்படி, கத்தறதும் அப்படி. அவனுக்கு இது பெரிய மனக்குறை. ஊரே என் குரலுக்கு அழுவுது, உன் வீட்டுக்காரி மட்டும் பஞ்சு வச்சுக்கறாளேன்னு புலம்புவான். நான் சொன்னேன், டேய், அவ புத்திசாலிடா, நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு இன்னும் காது கேக்குது சொல்லு.

ஆரம்பிச்சவங்கள்ல இப்ப அவனும் நானும்தான் மிச்சம். கிடார்காரன் குடிச்சே போய்ச் சேந்தான். இன்னொருத்தன் சாமியாரா போனானோ ஷேர் மார்க்கெட்டுக்குப் போனானோ, ஆளையே காணோம். மேடைல மத்தவங்கல்லாம் கூலிக்கு வந்த புது ஆளுங்க, நல்ல பசங்க, மரியாதையா இருப்பாங்க. ஆனா போஸ்டர்ல ரெண்டு கிழட்டு மூஞ்சி இருந்தாதான் டிக்கெட் விக்குது. சேவல் தொண்டை கட்டினா கூட்டத்துப் பக்கம் மைக்க நீட்டிடுவான், அவங்க பாடிக்குவாங்க. கிடார் கம்பி அறுந்தா ஓரமாப் போய் மாத்திக்கிட்டு வரலாம். ஒண்ணுக்கு வந்தாக் கூட நான் எந்திரிக்க முடியாது. நான் நிறுத்தினா எல்லாரும் நிக்கணும். அப்படியே பழகிப்போச்சும்மா. காய்ச்சல்ல உக்காந்திருக்கேன், எங்கப்பா செத்த அன்னைக்கு உக்காந்திருக்கேன். விரல் கிழிஞ்சு ரத்தம் முன்னாடி நிக்கறவன் சட்டைல தெறிச்சும் உக்காந்திருக்கேன். முடியாதுங்கற வார்த்தை வாயில வரவே வராது.

என்ன, கையா? நல்லா இருக்கு. ஏன் பதினஞ்சு தடவை கேக்கறாரு? பயந்துட்டாரு போல.

அவருக்கு என் கை மேல உயிர். தெரியுமா உங்களுக்கு, அவர் காலேஜ் படிக்கும்போது எங்க கச்சேரிக்கு வந்தாராம். கடைசில நான் கூட்டத்துல தூக்கிப் போட்ட குச்சிய எட்டிப் பிடிச்சாராம். இன்னமும் ரூம்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காரு, எனக்கு எடுத்துக் காட்டினாரு. அது என் குச்சியே இல்லம்மா. அவ்வளவு தடியா நான் ஜென்மத்துல பிடிச்சதில்ல. சொல்லுவேனா? மறுநாள் அவர் கைல தலைய குடுக்கப் போறவன் நான். ஆமா டாக்டர், இதே குச்சிதான்னேன். கண்ணு கலங்கிட்டாரு.

நேத்து அந்த ரூம்ல எல்லாரும் இருந்தாங்க. என் பையன், சேவல், அப்புறம் என் கைக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி ஆளு ஒருத்தன், கழுத்துல டை. டாக்டர் பொதுவா கேட்டாரு, எது முக்கியம்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சேவல் என் கைய பிடிச்சுக்கிட்டு அழுதுட்டான். நீ பின்னாடி உக்காந்தாதான்டா நான் முன்னாடி நிக்க முடியும்னான். மேடைல கூட அவன் அவ்வளவு நல்லா அழுததில்ல. என் பையன் அழல. டூருக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சுப்பா, அடுத்த வருஷம் பூரா போட்டாச்சுன்னு மட்டும் சொன்னான். அவன் கெட்டவன் இல்ல. எத்தனை பேர் வீட்டு அடுப்பு எரியணும்னு அவன் தலைலதான இருக்கு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. சரி, கையக் காப்பாத்துங்கன்னு சொல்லிட்டேன். சொன்னேன்ல, முடியாதுங்கறது எனக்கு வராது.

அப்புறம் அவங்க வெளிய போனதும் தனியா கேட்டேன். டாக்டர், கை போனா போகட்டும், மொத்தத்தையும் எடுத்துருங்களேன்னேன். சிரிச்சாரு. பயத்துல பேசறீங்க, எல்லாரும் ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படித்தான் பேசுவாங்கன்னாரு. அந்தக் கையக் கெடுத்தவன்னு எனக்குப் பேர் வரக்கூடாது சார், வேலை செய்யற எதையும் நான் வெட்ட மாட்டேன், உங்கள மறுபடி மேடைல உக்கார வைக்கறது என் பொறுப்புன்னு தோளத் தட்டினாரு. நல்ல மனுஷன். நல்ல மனுஷங்ககிட்ட எதையும் புரிய வைக்க முடியாதும்மா.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா, தொண்டை காஞ்சுபோச்சு. அந்தத் துணிய கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து விடுங்க. இன்னும் கொஞ்சம். கை தெரியற மாதிரி. ஏன்னா? ஏன், என் கைய நான் பாக்கக் கூடாதா? இத்தனை வருஷம் எனக்கு உழைச்சிருக்கு, என்ன பண்ணுதுன்னு பாக்கலாமேன்னுதான். ஆங், இப்ப சரி. அடிக்கறனா? அடிக்கறேன். வலது, இடது. கேக்குதுல்ல? அவர்கிட்ட சொல்லுங்க, நல்லா இருக்குன்னு. மரத்துப்போகல. நல்லா இருக்கு. அவரு பாட்டுக்கு வேலையப் பாக்கட்டும்.

பேசணும்ல. சரி, அவளப் பத்தியே பேசறேன், அதுதான் சரளமா வருது. அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சு. ஒரேடியா மறக்கல, அறைய அறையா விளக்க அணைக்கற மாதிரி. முதல்ல பேரப்பசங்க போனாங்க, அப்புறம் பையன், அப்புறம் அந்தப் பெரிய வீடே போச்சு. இது யாரு வீடு, நாம எப்ப கிளம்பறோம்னு கேப்பா. இப்ப பட்டறை ஆபீஸ் மட்டும் மிச்சம் இருக்கு. நான் உள்ள போனா நிமிந்து பாத்து, இன்னைக்கு சனிக்கிழமை இல்ல, போய் வேலையப் பாருங்கறா. புருஷன்னு தெரியாது. பட்டறை ஆள்னு தெரியும். அது போதும். அந்தப் பட்டறைல அவளுக்குப் பிடிச்ச ஆள் நான் ஒருத்தன்தான், அதனால நான் குடுத்தா சாப்பிடுவா.

வேற யார் குடுத்தாலும் வாயத் தொறக்க மாட்டா. பல்லக் கடிச்சுக்குவா. போன டூர் நான் போயிருந்தேன், ரொம்ப நீளம், வரவே முடியல. போன்ல கேட்டா நல்லா இருக்காங்கப்பான்னு பையன் சொல்வான். திரும்பி வந்து பாக்கறேன், மூக்குல குழாய். அது வழியா கஞ்சிய விடறாங்க. அத அவ பிடுங்கிடறான்னு ரெண்டு கையையும் கட்டில் கம்பியில துணியால கட்டிப் போட்டிருக்காங்க. மணிக்கட்டு தோல் உரிஞ்சு கன்னிப்போய்க் கிடக்கு. அந்தப் பெரிய வீட்டுலம்மா. போன்ல தொகை போட்டிருக்கான் பாருங்க, அந்த வீட்டுல. அதுதான் முறைப்பா, எல்லா இடத்துலயும் அப்படித்தான்னு பையன் சொல்றான். அந்த நர்சு பொண்ணுங்களக் குத்தம் சொல்லல, அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தத செய்யறாங்க. நான் கட்ட அவுத்தேன். குழாய எடுக்கச் சொன்னேன். பக்கத்துல உக்காந்து, சம்பளம் வாங்க வந்தேன்மான்னு சொல்லி, ஒரு வாய் நீட்டினேன். சாப்பிட்டா. நல்லாவே இல்லன்னு சொல்லிட்டு இன்னொரு வாய் சாப்பிட்டா.

அவ முன்னாடி போகணும், நான் பின்னாடி போகணும். எவனும் பொண்டாட்டிக்கு இப்படி வேண்டிக்க மாட்டான், நான் வேண்டிக்கறேன். நான் முன்னாடி போனா அன்னைக்கு சாயங்காலமே மறுபடி குழாய், மறுபடி கட்டு. நான் டூருக்குப் போனாலும் அதேதான். செத்துப் போறதுக்கும் டூருக்குப் போறதுக்கும் அவளுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. நான் ஒருத்தன் அங்க இல்லங்கறதுதான் விஷயம்.

அழுவாதீங்கம்மா. நீங்க அழுதா முகமூடி நனைஞ்சு மூச்சு முட்டும். என்னப் பாத்துக்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க இங்க.

என்ன சத்தம் அங்க? ஏன் எல்லாரும் பேசறாங்க? முடிச்சுட்டாரா? எல்லாமேவா? கேளுங்கம்மா, நல்லா கேளுங்க. ஒரு துணுக்குகூட மிச்சம் இல்லையாமா? ஓரத்துல? ஓரத்துலயும் இல்லையா? சுத்தமா வந்துடுச்சா? அவர் வாயால சொல்லட்டும். ஆங், கேட்டுச்சு. கேட்டுச்சு டாக்டர். ரொம்ப சந்தோஷம். உங்க கை நல்லா இருக்கணும்.

கை தட்டறாங்களா? தட்டட்டும், தட்டட்டும். ரொம்ப நாளாச்சு, இவ்வளவு பக்கத்துல கைதட்டல் கேட்டு. ஆமா டாக்டர், டூருக்கு டிக்கெட் உங்களுக்கு முதல் வரிசைல. பாவம், எவ்வளவு சந்தோஷமா இருக்காரு பாருங்க.

அவ்வளவுதானம்மா? தட்டறத நிறுத்தலாமா? நிறுத்தியாச்சு. உஸ்ஸப்பா. இந்த வலது கைக் குச்சிய பிடிங்க. அந்த இடது கைல இருக்கறதையும் எடுத்துருங்க. கீழ விழுந்துடப் போகுது.

எடுத்துட்டீங்களா? எப்போ?

ஓ. கைதட்டினப்பவே எடுத்துட்டீங்களா? நான் உங்க கண்ணப் பாத்துக்கிட்டு இருந்தேன், அந்தப் பக்கம் பாக்கல. பாக்காம எனக்குத் தெரியலம்மா. இல்ல, நீங்க இப்ப கிள்ளறீங்களா? கிள்ளுங்க. நல்லா அழுத்திக் கிள்ளுங்க. ம்ஹூம்.

கொஞ்ச நேரமாவே அதுல உணர்ச்சி இல்ல. மெதுவாப் பேசுங்க, அவர கூப்பிடாதீங்க. இப்ப கூப்பிட்டு என்ன பண்றது, எடுத்தத திரும்பி வைக்க முடியுமா? நிம்மதியா தையல் போடட்டும். கண்ணு பாத்துக்கிட்டே இருந்தா அது ஆடும். கட்டைய எடுத்து வச்ச மாதிரி எடுத்து வச்சு ரப்பர் தட்டத் தட்டலாம். குச்சி இருக்கா விழுந்துடுச்சான்னு தெரியாத கைய வச்சுக்கிட்டு எவனும் மேடைல ஏற முடியாது. டூர்லாம் போச்சு. சேவல் நிஜமா அழுவான் பாவம், அந்தப் பசங்களுக்கும் வேற வேலை தேடணும். வீட்ட வித்துட்டு சின்னதா ஒரு இடம் பாக்கணும், ஒரே ரூம் போதும் எங்களுக்கு.

உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க ஒவ்வொரு தடவையும் ஒழுங்காத்தான் கேட்டீங்க, நல்லா இருக்குன்னு சொன்னவன் நான். அதையே சொல்லுங்க அவர்கிட்டயும். ஏன்மா இப்படிப் பாக்கறீங்க? ஊட்டறது வலது கையாலதான.